சிறு வேட்டைக்கு .32 காலிபரா, .36 காலிபரா?

முயல், அணில் போன்ற சிறு விலங்குகளை வேட்டையாட, குழல் வாய் வழியே வெடிமருந்து இடிக்கும் ரைஃபிள்களில் .32, .36, .50 காலிபர் (அங்குலக் கணக்கில் குழல் துளையின் விட்டம்) ஆகியவற்றுள் எது ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். உரிமமும் வேட்டை அனுமதியும் உள்ளவர் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். என் பதில் .36.

.32 தான் சரி என்பவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். அவர்கள் சொல்லும் கணக்கு பொய்யில்லை. அதன் குண்டு ஏறத்தாழ 45 கிரெயின்தான் (ஒரு பவுண்டு எடைக்கு 7000 கிரெயின்). 20 கிரெயின் கருமருந்தே போதும். ஒரு பவுண்டு ஈயத்தில் 150 குண்டுகள் வார்த்துவிடலாம். அந்தக் கணக்கை நம்பித்தான் நானும் .32 வாங்கினேன்.

பனி கொட்டிய ஒரு காலையில், விறைத்துப்போன விரல்களிலிருந்து பட்டாணி அளவுக் குண்டுகள் இரண்டு நழுவிச் சருகுக்குள் மறைந்தன. குறுகிய துளையில் கருமருந்தின் கரி விரைவாகப் படியும் என்று தெரிந்திருந்தும், இடையில் துடைக்காமல் ஐந்தாவது குண்டை இறக்கினேன். அது பாதிக் குழலில் நின்றுவிட்டது. குண்டை உள்ளே தள்ளும் இடிகோலை உச்சியில் பிடித்து அழுத்தியபோது, பென்சில் பருமனே உள்ள அந்த மரக்கோல் சாய்வாக முறிந்து, அதன் கூர்முனை என் உள்ளங்கையில் இறங்கியது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருக்கும்போது சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம் என்பதால், மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பியான கேப்பைப் பொருத்தாமல் அப்படியே வீடு திரும்பினேன். ரைஃபிளுக்கு அவ்வளவு விலை வாங்கிக்கொண்டு, ரேகை குறுக்காக ஓடும் மரத்தில் கோல் செய்து கொடுப்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

.36 குண்டு சுமார் 65 கிரெயின். 25 முதல் 30 கிரெயின் மருந்தில் நன்றாகச் சுடும். காற்றில் .32 அளவுக்கு விலகாது, விரலுக்கும் சற்றுப் பிடி கிடைக்கும். கரி இதிலும் படியும். ஆகவே சில வேட்டுகளுக்கு ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தே ஆக வேண்டும்.

ஏற்கெனவே .50 வைத்திருந்தால் புதிது வாங்க அவசரமில்லை. 177 கிரெயின் குண்டுக்கு 30 கிரெயின் மருந்து மட்டும் இட்டுத் தலையைக் குறிவையுங்கள். மானுக்கு இடும் 80 கிரெயினை முயலுக்கு இட்டு, அதன் முன்பாதி முழுவதையும் உண்ண முடியாதபடி நான் பாழாக்கியிருக்கிறேன்.

எதை வாங்கினாலும், குண்டு மருந்தின்மேல் முழுமையாக அமர்ந்த நிலையில் குழல் வாய்க்கு நேராகக் கோலில் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். இடிக்கும்போது குழல் வாயிலிருந்து ஒரு சாணுக்கு மேலே கோலைப் பிடிக்காதீர்கள்.