பல்கலைக்கழகக் கட்டணம், என்எஸ்ஃபாஸ், கடன்: தென்னாப்பிரிக்கப் பெற்றோருக்கும் மாணவருக்கும் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் 26 அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டணம், என்எஸ்ஃபாஸ் (அரசின் தேசிய மாணவர் நிதி உதவித் திட்டம்) உதவி, வங்கிக் கடன், பழைய பாக்கி ஆகியவை பற்றி மட்டும் கேளுங்கள். எந்தப் படிப்பு நல்லது என்ற கேள்விகளை இங்கே எடுக்கவில்லை. வருமான வரம்பு பற்றிக் கேட்பவர்கள் முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா: வணக்கம் அக்கா. வீட்டுக்காரருக்கு மாதம் 18,000 ராண்ட், எனக்கு 12,000. பிடித்தம் போக 24,000தான் கையில் வருகிறது. மகளின் விண்ணப்பத்தை என்எஸ்ஃபாஸ் தள்ளிவிட்டது. இது எப்படி நியாயம்?

வணக்கம் அம்மா. கையில் வருவதை அவர்கள் பார்ப்பதில்லை, பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தைத்தான் கூட்டுகிறார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 350,000 ராண்ட். மாதத்துக்கு 29,166. உங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து 30,000, அதாவது ஆண்டுக்கு 360,000. பத்தாயிரம் ராண்டில் வெளியே போய்விட்டீர்கள். 349,000 வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு முழு உதவி, 351,000 வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பது கொடுமையான ஏற்பாடு. வரம்பைத் தாண்டினால் உதவி படிப்படியாகக் குறைய வேண்டும், ஒரேயடியாக அறுபடக் கூடாது.

மேல்முறையீடு எப்போது பலிக்கும்? விண்ணப்பித்த பிறகு வருமானம் நிஜமாகவே குறைந்திருந்தால்: வேலை போனது, பெற்றோரில் ஒருவர் இறந்தது, மணமுறிவு. கடிதம், சான்றிதழ், புதிய சம்பளச் சீட்டு என அதற்குப் பொருந்தும் சான்று வேண்டும். 'எங்களுக்குச் செலவு அதிகம்' என்று எழுதினால் பலிக்காது. மகளுக்கு உடற்குறை இருந்தால் வரம்பு 600,000. அதைப் பலர் குறிப்பிடாமலே விட்டுவிடுகிறார்கள்.

350,000க்கும் 600,000க்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அரசு 2024 ஜனவரியில் 3.8 பில்லியன் ராண்டில் ஒரு கடன் திட்டம் அறிவித்தது. அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். இதே வருமானக்காரர்களுக்கு இக்குசாசா என்ற பர்சரித் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை) திட்டமும் உண்டு. மருத்துவம், பொறியியல், கணக்கியல் போல ஆள் பற்றாக்குறை உள்ள படிப்புகளைத்தான் எடுப்பார்கள். மகள் ஆசிரியராக விரும்பினால் ஃபுன்சா லுஷாக்கா பர்சரியைப் பாருங்கள். எத்தனை ஆண்டு பணம் வாங்கினாரோ அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் கற்பிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

ஃபீனிக்ஸ், மாணவி: அப்பா எங்களை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. படிவத்தில் அவர் சம்பளம் கேட்கிறார்கள். என்ன எழுதுவது அக்கா?

தங்கச்சி, தெரியாத தொகையை ஊகித்து எழுதாதே. கட்டத்தைக் காலியாகவும் விடாதே. வருவாய்த் துறையோடும் உள்துறையோடும் ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கிறார்கள், அங்கே உன் அப்பாவின் பெயர் எப்படியும் வரும். நீதிமன்ற மணமுறிவுத் தீர்ப்பு இருந்தால் அதை இணை. பெற்றோர் ஆதரவே இல்லை என்றால் சமூகநலப் பணியாளர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அந்தக் கையெழுத்துக்கு நாள் பிடிக்கும். விண்ணப்பம் திறக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே போய்ப் பார்.

மெர்பேங்க்: எங்கள் வீட்டில் இரண்டு பேர் சம்பளம், மாதம் 31,000 வரும். கிடைக்குமா?

முதல் பதில்.

லெனேசியா: 2015இல் மாணவர்கள் போராடிக் கட்டண உயர்வை நிறுத்தினார்களே. அப்படியிருக்க வருஷாவருஷம் ஏன் ஏறுகிறது?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2015 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்கு 10.5% உயர்வு என்று நிர்வாகம் சொன்னதுதான் பொறி. அக்டோபர் 23 அன்று, 2016க்கு உயர்வு இல்லை என்று ஜனாதிபதி சூமா அறிவித்தார். அந்த அறிவிப்பு ஒரே ஆண்டுக்கானது. 2017க்கு 8% வரை ஏற்றலாம் என்றார்கள். 600,000க்குக் கீழ் வருமானம் உள்ள வீடுகளுக்கு அந்த உயர்வை அரசே ஏற்றது. 2017 டிசம்பர் 16 அன்று ஏழை, உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி என்று அறிவித்தார்கள். 122,000ஆக இருந்த வரம்பு 350,000ஆனது. கடனாக இருந்தது பர்சரியானது. நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்கு இது பெரிய வெற்றி. இதைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் கட்டணம் என்பதே இல்லாமல் போய்விடவில்லை. தகுதியுள்ளவருக்கு என்எஸ்ஃபாஸ் கட்டுகிறது, மற்றவருக்கு வீடு கட்டுகிறது. பல்கலைக்கழகங்களின் வருமானத்தில் அரசு மானியத்தின் பங்கு 2000இல் 49%, 2012இல் 40%. அதே காலத்தில் மாணவர் கட்டணத்தின் பங்கு 24%இலிருந்து 31%க்கு ஏறியது. மாணவர் தொகை பெருகிய வேகத்தில் மானியம் பெருகவில்லை என்பதே காரணம்.

பெற்றோர் கவனிக்காத இன்னொன்று: விடுதிக் கட்டணம் தனியாக ஏறுகிறது. 2021க்கு ஒப்புக்கொண்ட உயர்வு படிப்புக்கு 4.7%, தங்குமிடத்துக்கு 6.7%. டர்பன் பக்கத்து வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்துக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வர முடிந்த பிள்ளை விடுதி கேட்டால், இந்த இரண்டாவது எண்ணை முதலில் பாருங்கள்.

டோங்காட், அப்பா: முதலாண்டு 60,000 என்றார்கள். நான்கு ஆண்டுக்கு 240,000 சேர்த்தால் போதும்தானே?

போதாது ஐயா. ஆண்டுக்கு 6% ஏறுவதாக வைத்துக் கணக்குப் போடுங்கள்: 60,000, 63,600, 67,416, 71,461. மொத்தம் 262,477. இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் துண்டு விழும். இதில் புத்தகம், போக்குவரத்து, மடிக்கணினி எதுவும் சேரவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஐந்தாம் ஆண்டு. நான்காண்டுப் பட்டம் 480 கிரெடிட் (பாட அளவுப் புள்ளி), ஆண்டுக்கு 120. ஒரு மாட்யூலில் (பாட அலகில்) தோற்றால் அதற்கு மறுபடி முழுக் கட்டணம், அதுவும் புதிய ஆண்டின் விலையில். அடுத்த ஆண்டு மாட்யூல்களுக்கு அது முன்தேவையாக இருந்தால் முழு ஆண்டே தள்ளிப்போகும். அதனால் ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: கட்டணம் விழாமல் மாட்யூலிலிருந்து விலகக் கடைசி நாள். அந்த நாளுக்குப் பின் வகுப்புக்கே போகாவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். இந்தத் தேதியை இன்று இன்னும் பல முறை சொல்வேன்.

மொரீஷியஸ், ரோஸ்ஹில்: எங்கள் பக்கம் எப்படி?

உங்கள் நாட்டில் 2019 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. சேர விரும்பும் நிறுவனத்திடமே விவரம் கேளுங்கள்.

டியூடி (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மாணவர்: போன வருஷப் பாக்கி 38,000. பதிவு செய்ய விடவில்லை. என்எஸ்ஃபாஸ் கிடைத்த ஆள் நான், பாக்கி எப்படி வந்தது என்றே தெரியவில்லை.

தம்பி, பணம் புரட்டும் முன் கணக்கைப் பார். கட்டண அலுவலகத்தில் மாதவாரியாக முழு அறிக்கை வாங்கு. பிறகு என்எஸ்ஃபாஸ் கணக்கில் உனக்கு ஒதுக்கிய தொகையை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வை. வித்தியாசம் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும். ஒன்று, பல்கலைக்கழகம் அனுப்பிய பதிவு விவரத்தில் அடையாள எண்ணோ படிப்பின் குறியீடோ தவறியிருக்கும். அந்தப் பணம் வரவே வராது. இரண்டு, விடுதிச் செலவு உச்சவரம்பைத் தாண்டியிருக்கும், மிச்சம் உன் தலையில். 2023இல் அந்த வரம்பு 45,000 ராண்ட். மூன்று, அங்கீகாரமில்லாத தனியார் விடுதியில் தங்கியிருப்பாய்.

முதலாவது என்றால் நீ ஒரு ராண்டும் கட்ட வேண்டாம். நிதி உதவி அலுவலகம் திருத்திய விவரத்தை மறுபடி அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கு மின்னஞ்சல் சான்று கேள். மற்ற இரண்டும் என்றால் தவணை ஒப்பந்தம் கேட்கலாம். கையெழுத்திடும் முன் தொகை சரியா என்று பார். கடன் ஒப்புதல் பத்திரத்தில் 38,000 என்று எழுதிக் கையெழுத்திட்டால், பின்னால் '12,000தான் என் பாக்கி' என்று வாதாடுவது மிகக் கடினம். இந்த ஆண்டு மாட்யூல் விலகும் தேதியையும் குறித்துக்கொள்.

வெருலம்: எதற்கு இவ்வளவு பாடு? மூன்று வருஷம் சும்மா இருந்தால் கடன் காலாவதியாகிவிடும். சட்டம் இருக்கிறது.

இதை நம்பி யாரும் இருக்க வேண்டாம். 1969ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கு மூன்றாண்டு என்பது உண்மை. ஆனால் கடனை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். தவணை கேட்டு எழுதும் கடிதம், கொஞ்சம் பணம் கட்டுவது, பத்திரத்தில் கையெழுத்து எல்லாமே ஒப்புதலாகலாம். நீதிமன்ற அழைப்பாணை வந்தாலும் ஓட்டம் நிற்கும். படிப்பைத் தொடர நினைப்பவர் மூன்றாண்டு வாய் திறக்காமல் எப்படி இருப்பார்?

ஸ்டாங்கர்: வங்கிக் கல்விக் கடன் எடுக்கலாமா அக்கா? என்னை ஜாமீன் போடச் சொல்கிறார்கள்.

முழுநேர மாணவருக்கான கடனில், படிக்கும் காலத்தில் மாத வட்டியைப் பெரும்பாலும் ஜாமீன்தாரர்தான் கட்டுவார். 100,000க்கு 13% என்றால் மாதம் 1,083 ராண்ட், முதல் மாதத்திலிருந்தே. மகன் வேலைக்குப் போன பின் கட்டத் தவறினாலும் உங்களிடம்தான் வருவார்கள். ஜாமீன் பத்திரத்தில் உச்சத் தொகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வரம்பில்லாத ஜாமீனில் கையெழுத்திடாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: மன்னிக்கவும், இது தப்பான வழி. வீட்டு பாண்டில் (வீட்டை ஈடு வைத்த கடனில்) எடுங்கள். வட்டி 11%தான். கல்விக் கடனுக்கு ஏன் 13% கொடுக்க வேண்டும்?

வட்டி குறைவு என்பது சரி. எத்தனை ஆண்டு கட்டுகிறோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 100,000 ராண்டை 11%இல் 20 ஆண்டு கட்டினால் மாதம் 1,032, மொத்தம் ஏறத்தாழ 247,700. அதே தொகையை 13%இல் 5 ஆண்டில் கட்டினால் மாதம் 2,275, மொத்தம் 136,500. குறைந்த வட்டிக் கடன்தான் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகத் தின்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: யார் 20 வருஷம் கட்டச் சொன்னது? பாண்டிலேயே மாதம் 2,275 போடுங்கள்.

போட்டால் நீங்கள் சொல்வதுதான் சரி, மறைக்க மாட்டேன். 57 மாதத்துக்குள் முடியும், மொத்தம் சுமார் 128,600. கல்விக் கடனைவிட எட்டாயிரம் மிச்சம். ஆனால் வங்கி உங்களிடம் கேட்பது 1,032தான். மீதியை நீங்களாகவே மாதாமாதம் போட வேண்டும். தம்பிக்குக் கல்யாணம், வண்டி பழுது என்று ஏதாவது வந்தால் முதலில் நிற்பது இந்தக் கூடுதல் பணம்தான்.

ரிசர்வோர் ஹில்ஸ்: நானும் பாண்ட் பக்கம்தான். சொந்த வீட்டை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்காமல் வேறு எதற்கு?

உணர்வு புரிகிறது. கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசு கதவடைத்த காலத்தில், சமூகம் தானே பணம் திரட்டிப் பள்ளியும் கல்லூரியும் கட்டியது. ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தான் கொடுத்த நன்கொடையில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய டியூடியின் ஒரு வேர். கல்விக்கு எதையும் கொடுக்கும் மனம் நம்மிடம் உண்டு. அதனால்தான் கணக்கைக் கறாராகப் போடச் சொல்கிறேன். கல்விக் கடன் தவறினால் உங்கள் கடன் வரலாறு கெடும், வழக்கு வரும். பாண்ட் தவறினால் வீடே போகும், மற்றப் பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். பாண்டில் எடுப்பவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள்: எடுத்த தொகைக்குத் தனிக் கணக்கு எழுதுங்கள், சம்பள நாளன்றே கூடுதல் தொகை தானாகப் போகும்படி நிரந்தர உத்தரவு கொடுங்கள். அது முடியாது என்றால் கல்விக் கடனே உங்களுக்கு ஏற்றது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: நிரந்தர உத்தரவு போட்டால் நான் சொன்னது சரிதானே?

சரிதான், வேலை நிலையாக இருக்கும்வரை.

ஐசிபிங்கோ: ஓய்வூதிய நிதியில் ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய பகுதியான 'சேமிப்புப் பானை'யிலிருந்து எடுத்துக் கட்டலாமா?

2024 செப்டம்பர் 1 முதல் வரியாண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம், குறைந்தது 2,000. எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரி விழும். 26% படியில் இருப்பவர் 30,000 எடுத்தால் கையில் 22,200, அதிலும் நிர்வாகக் கட்டணம் கழியும். பதிவே நின்றுபோகும் நிலையில் மட்டும் தொடுங்கள்.

சாட்ஸ்வொர்த், யூனிட் 7: அக்கா, என் கணவருக்கு 20,000, எனக்கு 9,800...

மாதம் 29,800, ஆண்டுக்கு 357,600. முதல் பதில். இனி இந்தக் கூட்டல் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன். 12ஆல் பெருக்கி 350,000த்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அம்லாங்கா ராக்ஸ்: தனியார் கல்லூரிக்கு என்எஸ்ஃபாஸ் உண்டா?

இல்லை. இரண்டாவது பட்டத்துக்கும் இல்லை.

டர்பன் நார்த்: தொலைதூரக் கல்வி தரும் யூனிசா பல்கலைக்கழகம் மலிவு என்கிறார்களே?

மாட்யூல் கணக்கில் மலிவுதான், விடுதியும் இல்லை. மூன்றாண்டுப் பட்டம் 360 கிரெடிட், 12 கிரெடிட் மாட்யூலாக 30. வேலை பார்த்துக்கொண்டு ஆண்டுக்கு ஐந்து எடுத்தால் ஆறு ஆண்டு. ஒவ்வொரு ஆண்டும் விலை ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கேயும் விலகும் தேதி உண்டு.

ஃபீனிக்ஸ், மற்றொரு அம்மா: என்எஸ்ஃபாஸ் விண்ணப்பம் போட்டுத்தர ஒருவர் 800 ராண்ட் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். விண்ணப்பம் இலவசம். கடவுச்சொல்லையும் கைபேசிக்கு வரும் குறியீட்டையும் யாரிடமும் சொல்லாதீர்கள். மகனின் சொந்த எண்ணிலேயே கணக்குத் திறக்க வேண்டும். தரகரின் எண்ணில் திறந்தால் உதவித்தொகை விவரமெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

மெர்பேங்க், பட்டதாரி: எல்லாம் தேறிவிட்டேன். 21,000 பாக்கிக்காகச் சான்றிதழைத் தர மறுக்கிறார்கள். வேலை கிடைத்திருக்கிறது, சான்றிதழ் கேட்கிறார்கள்.

பட்டத்துக்குரிய எல்லாம் முடித்துவிட்டார், கட்டணப் பாக்கியால் சான்றிதழ் நிற்கிறது என்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் கேளுங்கள். பாக்கி இருந்தாலும் இந்தக் கடிதத்தைத் தரும் இடங்கள் உண்டு. அதை வேலை தரும் நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கு அனுப்பி, பாக்கியை அவர்கள் முன்பணமாகக் கட்டி உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். மாதம் 1,750 வீதம் 12 மாதத்தில் முடிந்துவிடும். அதற்கு அவர்கள் ஒப்பாவிட்டால் அதே தொகையைத் தவணையாகப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேளுங்கள், வேலை உறுதிக் கடிதத்தையும் இணையுங்கள். சேரும் நாளுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் அதில் எழுதுங்கள்.