நம்பவில்லை என்றால், எழுதிக் கேளுங்கள்

கேள்வி: அரசையும் நம்ப முடியவில்லை, பெரிய நிறுவனங்களையும் நம்ப முடியவில்லை. இந்த நிலையில் "உன் உரிமைக்கு நீயே பொறுப்பு" என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறதா? தனிமனிதனால் என்னதான் செய்ய முடியும்?

அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால் மேலே இருப்பவர்கள் தங்கள் தலைச்சுமையை நம் தலையில் ஏற்றுவதற்கும் இதே வாசகத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

என் சித்தப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒரு விடியற்காலையில் அவர் வங்கிக் கணக்கிலிருந்து அடுத்தடுத்துப் பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்திகள் வந்தன. அவர் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை, எந்த இணைப்பையும் தொடவில்லை. உடனே வங்கியின் எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கிவிட்டு, கிளை திறக்கும் நேரத்தில் வாசலில் போய் நின்றார். உள்ளே இருந்த அதிகாரி கணினியைப் பார்த்தபடியே, "நீங்கள்தான் யாரிடமாவது ஓடிபி சொல்லியிருப்பீர்கள் ஐயா. வயதானவர்கள் எல்லாரும் இப்படித்தான். எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த மனிதர் பணம் போனதைவிட, தானே திருடியதுபோல் கூனிக் குறுகிப் போயிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. "என் கவனக்குறைவாகத்தான் இருக்கும்" என்று சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விதி வேறு மாதிரி சொல்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த நெறிமுறையின்படி, வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் மின்னணு வழியில் பணம் போய், தவறு வங்கியுடையதாகவும் இல்லாமல் வாடிக்கையாளருடையதாகவும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, 3 வேலை நாட்களுக்குள் அவர் புகார் செய்திருந்தால், அவர் ஒரு ரூபாய்கூட இழக்க வேண்டியதில்லை. வங்கியின் குறைபாடு என்றால் அந்த நாள் கணக்கும் கிடையாது. புகார் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகவாவது கணக்கில் வரவு வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. அந்த அதிகாரி இதைத்தான் தலைகீழாகப் புரட்டினார்.

கடிதம் எழுதினோம். பணம் போன தேதி, நேரம், குறுஞ்செய்திகளின் நகல், தொலைபேசியில் புகார் செய்தபோது கொடுத்த எண், கடைசியில் ஒரு கேள்வி: "நான் ஓடிபியைப் பகிர்ந்தேன் என்று எந்தப் பதிவின் அடிப்படையில் முடிவு செய்தீர்கள்? அந்தப் பதிவின் நகலைத் தரவும்." இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும் கையொப்பமும் கேட்டோம். வாயால் "ஒன்றும் செய்ய முடியாது" என்று சட்டென்று சொன்ன அதே அலுவலகம் முத்திரை வைக்க மட்டும் வெகுநேரம் யோசித்தது. மேலாளர் வந்தார், நாற்காலி போட்டார்கள், தேநீர் வந்தது. கடைசியில் முத்திரை விழுந்தது. பிறகு பணமும் வந்தது. வராமல் போயிருந்தால், 30 நாட்கள் காத்திருந்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போயிருப்போம்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. அவநம்பிக்கை ஒரு மனநிலையாகவே நின்றுவிட்டால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அரசுக்கும் நஷ்டமில்லை, நிறுவனத்துக்கும் இல்லை. "எல்லாரும் திருடர்கள்" என்று டீக்கடையில் பேசிவிட்டு எழுந்துபோகும் குடிமகனைக் கண்டு எந்த அலுவலகமும் பயந்ததில்லை. இப்படிப் பேசுகிறவர்களில் பலர் பெயரும் தேதியும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அப்படியே நம்பிப் பத்துப் பேருக்கு அனுப்புவதையும் பார்க்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சந்தேகம் என்பது ஆவணத்தைக் கேட்பதில் போய் முடிய வேண்டும்.

அப்படிக் கேட்கும் உரிமையை நமக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் படித்த பெரிய மனிதர்கள் மட்டும் அல்லர். 1990-களில் ராஜஸ்தானின் கிராமங்களில் அரசின் வறட்சி நிவாரணப் பணிகளில் மண் சுமந்த கூலித் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீங்கள் வேலை செய்த அளவு பதிவேட்டில் அவ்வளவுதான்" என்றார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசு ரகசியம் என்றார்கள். 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் தொடங்கப்பட்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பு, இந்தப் பதிவேட்டையே போராட்டமாக எடுத்துக்கொண்டது. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகி வந்த அருணா ராயும், அவருடன் நிகில் டேவும் சங்கர் சிங்கும் கிராமத்து மக்களோடு சேர்ந்து நின்றார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் பொது விசாரணை நடந்தது. வருகைப் பதிவேட்டின் பெயர்களை ஊர் நடுவில் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்கள். அந்தக் காலத்து விசாரணைகளில் செத்துப்போனவர்களுக்குக் கூலி கொடுத்ததாகக் கணக்கு வெளிப்பட்டது. வேலைக்கே போகாதவர்கள் பெயரில் பணம் எடுக்கப்பட்டிருந்தது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாட்கள் தர்ணா இருந்தார்கள். "ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்" என்பது அவர்கள் முழக்கம். எங்கள் பணம், எங்கள் கணக்கு. தமிழ்நாடு 1997-லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது, ஆனால் அதில் விதிவிலக்குகள் மலிந்திருந்தன. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 6(2) பிரிவு. தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. காலங்காலமாக அரசு அலுவலகத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம்! 10 ரூபாய் கட்டணம், 30 நாட்களில் பதில், உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரத்தில் பதில். தகுந்த காரணமில்லாமல் தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம்.

எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை முதல் மழையிலேயே பெயர்ந்தபோது, மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேட்டு மனுப் போட்டோம். முதலில் கோப்பு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு கோப்பு கிடைத்துவிட்டது. அளவுப் புத்தகத்தில் எழுதியிருந்த கனத்துக்கும், உடைந்த விளிம்பில் அளவுகோலை வைத்தபோது தெரிந்த கனத்துக்கும் சம்பந்தமே இல்லை. சாலையில் பாதியை மறுபடி போட்டார்கள். யார் மீதும் நடவடிக்கை இல்லை. முழு வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அடுத்த தெருவில் வேலை நடந்தபோது ஒப்பந்ததாரரின் ஆட்களே அளவுகோல் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அரசைத் தட்டிக் கேட்பது ஒரு பக்கம். அரசும் நிறுவனங்களும் நம்மைப் பற்றி எவ்வளவு தெரிந்துவைத்திருக்கலாம் என்பது இன்னொரு பக்கம். இதிலும் ஒரு தனிமனிதரின் மனுதான் வழி திறந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 2012-இல் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2015-இல் ஒன்றிய அரசின் சார்பில் என்ன வாதிட்டார்கள் தெரியுமா? அந்தரங்கம் என்பது அரசமைப்புச் சட்டம் உறுதியளித்த அடிப்படை உரிமையே இல்லை என்று. 1954, 1962 ஆண்டுகளின் பழைய தீர்ப்புகளைத் துணைக்கு அழைத்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாக அதை மறுத்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியதை ரத்து செய்தது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடம் கொடுத்த, ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் பகுதியையும் நீக்கியது. அடுத்த ஆண்டே ஒரு திருத்தச் சட்டம் வந்து, 'விருப்பத்தின் பேரில்' என்ற பெயரில் வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் மறுபடி இடம் கொடுத்தது.

இப்போது நான் மிகவும் கோபப்படும் இடத்துக்கு வருகிறேன். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தரங்கமே உரிமை இல்லை என்று வாதிட்ட அதே ஒன்றிய அரசு, அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லி, இந்தச் சட்டத்தின் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவைத் திருத்தியது. முன்பு, தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பொதுப் பணியோடு தொடர்பு இருந்தாலோ, பொதுநலன் கோரினாலோ கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. அந்த உட்பிரிவிலிருந்து இவை எல்லாம் போய்விட்டன. 'தனிப்பட்ட தகவல்' என்றால் மறுக்கலாம், அவ்வளவுதான். 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. கோட் கிரானாவில் உரக்கப் படித்த அந்தப் பெயர்களை இன்று ஒருவர் கேட்டால், அவை தனிப்பட்ட தகவல் என்று ஓர் அலுவலர் பதில் எழுத முடியும்.

அதே 2023 சட்டம், குறிப்பிட்ட அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. நம் தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அது அரசின் கருவூலத்துக்குப் போகும், தரவு திருடுபோனவருக்கு அல்ல. இழப்பீடு கேட்க வழிவைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இதிலேயே வழி செய்திருக்கிறார்கள். குடிமகனுக்கோ கடமைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் அவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். பொறுப்பு எந்தப் பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

தனியார் நிறுவனங்களிடம் நேரடியாகத் தகவல் உரிமை மனுப் போட முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தைக் கண்காணிக்கும் அரசுத் துறை சட்டப்படி அதனிடமிருந்து பெறக்கூடிய தகவலை, அந்தத் துறையிடம் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு இதற்கு இடம் தருகிறது. தொழிற்சாலைக் கழிவு பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்பது இப்படித்தான். கடையில் பில் போடும்போது கைபேசி எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால், கொடுக்க வேண்டாம். அப்படி வற்புறுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே சொல்லியிருக்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். இணையவழிப் பணமோசடி என்றால் 1930.

தனியாகச் செய்ய வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். கிர் காட்டைச் சுற்றி நடந்த சட்டவிரோதச் சுரங்கங்களுக்கு எதிராக வழக்குத் தொடுத்த அமித் ஜேத்வா, 2010 ஜூலை 20 அன்று குஜராத் உயர் நீதிமன்றத்தின் அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மணல், கல் குவாரி, நில ஆக்கிரமிப்பு போன்றவற்றில் கைவைக்கும்போது தனிமனிதப் பொறுப்பு என்று ஒருவரை மட்டும் முன்னே தள்ளுவது அவருக்குச் செய்யும் துரோகம். ஒரே கேள்வியை ஊரில் பலர், தத்தம் பெயரில், தனித்தனி மனுவாக அனுப்புங்கள். எங்கள் சாலை விஷயத்திலும் அப்படித்தான் செய்தோம்.

நீங்கள் முதல் மனுவை எழுதப் போகிறீர்கள் என்றால் சில நடைமுறைக் குறிப்புகள். "ஏன் சாலை சரியில்லை?" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்தப் பணிக்கான அளவுப் புத்தகத்தின் சான்றளிக்கப்பட்ட நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இனி ஒவ்வொரு மனுவிலும் கடைசிப் பத்தியாக இதைச் சேர்த்துவிடுங்கள்: "கேட்கப்பட்ட தகவலில் தனிப்பட்ட விவரம் இருப்பதாகக் கருதினால், 8(2) பிரிவின்படி பொதுநலனை எடைபோட்டுப் பார்த்து, 10-ஆம் பிரிவின்படி அந்த விவரத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தரவும்." இந்த இரண்டு பிரிவுகளையும் இன்னும் யாரும் தொடவில்லை. மறுத்தால், எடைபோட்டுப் பார்த்ததற்கான குறிப்பு எங்கே என்று மேல்முறையீட்டின் முதல் வரியிலேயே கேளுங்கள்.