பரோக் காலச் (ஐரோப்பாவில் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு) செதுக்கோவியம் ஒன்றில் உள்ள சைகைகளையும் குறியீடுகளையும் எவ்வாறு பொருள்கொள்வது?

நீங்கள் கேட்பது 17ஆம் நூற்றாண்டு நூல்களின் முகப்பில் அச்சான செப்புத்தகட்டு ஓவியங்களைப் பற்றியது என்றால், படத்தை நூலிலிருந்து பிரித்துப் பார்க்கும்போது பாதிப் பொருள்கூடக் கிட்டாது என்பதே என் உறுதியான கருத்து. நூலாசிரியர் பல நூறு பக்கங்களில் நிறுவ முனையும் வாதத்தை, கற்றவர்கள் அறிந்திருந்த புராண உருவங்கள், மறைநூல் வரிகள், கருவிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரே பக்கத்தில் முன்வைக்கும் இடமாக அன்றைய முகப்பு இருந்தது.

1651இல் இத்தாலியின் பொலோனியா நகரில் வெளிவந்த 'அல்மகெஸ்தும் நோவும்' என்னும் வானியல் பெருநூலை எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் இயேசு சபைத் துறவியான ஜொவான்னி பத்திஸ்தா ரிச்சோலி. அதன் முகப்பில் இடப்புறம் இருப்பவன், உடலெங்கும் கண்கள் கொண்ட கிரேக்கப் புராண உருவமான ஆர்கஸ். அவன் தொலைநோக்கியை முகத்துக்கு உயர்த்தாமல் முழங்காலில் உள்ள கண்ணருகே பிடித்திருக்கிறான். எத்தனை கண்கள் இருந்தாலும் கருவியின் துணை வேண்டும் என்று இச்சைகையை நான் பொருள்கொள்கிறேன். வலப்புறம், விண்மீன்கள் பதித்த ஆடையுடன் நிற்கும் பெண்ணின் கையில் தராசு இருப்பதால் நீதியின் தேவதை அஸ்திரேயா என்பார் சிலர். ஆடையையும், வானத்தின் வட்டங்களை வளையங்களால் காட்டும் கருவியான வளையக்கோளத்தையும் கொண்டு வானியலின் தேவதை யுரேனியா என்பார் வேறு சிலர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை; வானியலே நீதிபதியாக நின்று தீர்ப்பு வழங்குகிறது என்பதற்கு இரு அடையாளங்களும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

தராசின் ஒரு தட்டில் கோப்பர்நிக்கஸின் சூரியமைய அமைப்பும், மறு தட்டில் டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகேயின் அமைப்பைத் திருத்தி ரிச்சோலி உருவாக்கிய அமைப்பும் உள்ளன. பின்னதில் புதன், வெள்ளி, செவ்வாய் மூன்றும் சூரியனைச் சுற்ற, சூரியனும் சந்திரனும் வியாழனும் சனியும் பூமியைச் சுற்றுகின்றன. தாழ்ந்திருப்பது, அதாவது எடை கூடியதாகக் காட்டப்படுவது, ரிச்சோலியின் தட்டு. அப்பெண்ணுக்கு உரியதாகப் பொறிக்கப்பட்ட வரி, பூமி என்றென்றும் அசையாது என்னும் விவிலியத் திருப்பாடலிலிருந்து வருகிறது. பூமி இயங்குகிறது என்ற கருத்துக்காகக் கலிலேயோ மீது திருச்சபை 1633இல் வழங்கிய தீர்ப்பை நினைவில் கொண்டு, சமயம் அறிவியலை அமுக்கும் காட்சி இது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பின் நிழல் இதில் இருப்பது உண்மைதான். ஆனால் படத்தின் மற்றப் பகுதிகளைப் பார்த்தால் அந்த விளக்கம் போதாமல் போகிறது.

மேலே நீண்டிருக்கும் இறைவனின் கையைப் பாருங்கள். அதன் மூன்று விரல்களில் எண், அளவு, எடை என்று எழுதப்பட்டுள்ளது; இது விவிலியத்தின் 'சாலமோனின் ஞானம்' நூலிலிருந்து வந்த கருத்து. ஆசி வழங்கும் கையாகத் தோன்றக்கூடிய ஒன்றை, அளந்து அறிவதற்கான சான்றாக அந்தச் சொற்கள் மாற்றிவிடுகின்றன. இரு புறமும் குழந்தை உருவங்கள் ஏந்தியிருக்கும் கோள்கள் தொலைநோக்கி காட்டிய கோலத்திலேயே வரையப்பட்டுள்ளன: பிறைவடிவில் வெள்ளி, துணைக்கோள்களுடன் வியாழன்.

என்னை மிகவும் கவர்வது கீழே சாய்ந்திருக்கும் பண்டைய வானியலாளர் தாலமி. பூமியை மையமாக வைத்த அவருடைய பழைய அமைப்பு தரையில் கிடக்கிறது. தோற்றவரின் நிலை என்று கருதத் தூண்டும் அந்த உடல்மொழிக்கு அருகிலேயே, திருத்தப்படும்போது நான் உயர்த்தப்படுகிறேன் என்னும் பொருள்பட ஓர் இலத்தீன் வரி இருக்கிறது. தாலமியின் 'அல்மகெஸ்ட்' என்ற பெயரையே தன் நூலுக்குச் சூட்டிய ஒருவர் அவரை அவமதிப்பதற்காக அங்கே கிடத்தியிருக்க மாட்டார். நூலுக்குள்ளும் இதே மனப்பான்மைதான்: பூமியின் இயக்கம் குறித்த 126 வாதங்களை, ஆதரவாக 49, எதிராக 77 என எடுத்து ஆராய்கிறார், நிலவு வரைபடத்தில் பளிச்சென்று தெரியும் பள்ளங்களுள் ஒன்றுக்குக் கோப்பர்நிக்கஸின் பெயரை வைக்கிறார். ஆகவே தராசின் மேலெழுந்த தட்டை, புறந்தள்ளப்பட்ட கருத்தாக அல்லாமல், முழு எடையும் பார்க்கப்பட்ட கருத்தாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.