பால் டின் முதல் தொப்புள்கொடி வரை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரசவ வார்டில் பல வருடம் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது தாய்ப்பால் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். குழந்தைப் பொருள் விற்கும் கம்பெனிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சந்தேகத்தைவிடக் கோபம்தான் அதிகம். நியாயமான கோபம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: அக்கா, சிசேரியன் ஆன மறுநாளே "உனக்குப் பால் பத்தலை" என்று சொல்லி, ஒரு கம்பெனிப் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து டின் வாங்கி வரச் சொன்னார்கள். மாமியாரும் "குழந்தை பசியில அழுவுது பாரு" என்றார். பாட்டிலில் கொடுத்தோம். இப்போது மூன்று வாரம் ஆகிறது, குழந்தை மார்பைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்?

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லைம்மா. தையல் வலியோடு படுத்திருக்கும் ஒருத்தியிடம் "பால் பத்தலை" என்று சொன்னால் யாராக இருந்தாலும் பயந்துதான் போவார்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் அளவுதான் கொள்ளும். அதற்குச் சீம்பால் போதும். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் நன்றாகச் சுரக்க மூன்று நான்கு நாள் ஆவதும் சகஜம். மார்பு கல் மாதிரி இல்லை, பிழிந்தால் பீய்ச்சி அடிக்கவில்லை என்பதெல்லாம் அளவுகோல் இல்லை. ஐந்தாவது நாளுக்கு மேல் ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா, இந்த இரண்டையும் பாருங்கள். அப்படி இருந்தால் பால் போதுமான அளவு போகிறது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. குழந்தையை உடம்போடு உடம்பாகப் போட்டுக்கொண்டு, அழத் தொடங்குவதற்கு முன்பே, அரைத் தூக்கத்தில் இருக்கும்போது மார்பில் விடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பிழிந்து எடுங்கள். அதையோ பவுடர் பாலையோ கொடுக்க வேண்டியிருந்தால் பாட்டிலை விட்டுவிட்டுப் பாலாடையில் கொடுங்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்தான் அது. பாட்டில் நிப்பிளைச் சப்புவதும் மார்பில் சப்புவதும் வேறு வேறு வேலை. பாலாடையில் அந்தக் குழப்பம் வராது. பக்கத்தில் தாய்ப்பால் ஆலோசகர் இருந்தால் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். குழந்தை வாயை வைக்கும் விதத்தைச் சரிசெய்தாலே பலருக்கு வழி பிறந்துவிடுகிறது.

அந்தச் சீட்டு விஷயம். மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவர் பவுடர் பால் பரிந்துரைக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் கம்பெனி ஆஸ்பத்திரிக்குள் வந்து அதை விற்கப் பார்ப்பதோ, மருத்துவருக்கும் செவிலியருக்கும் பரிசோ கமிஷனோ கொடுப்பதோ இந்தியாவில் குற்றம். 1992-இல் வந்த சட்டம், 2003-இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது.

சென்னையிலிருந்து ஒரு அப்பா: மேடம், பால் பவுடர் விளம்பரத்துக்குத் தடை என்கிறார்கள். ஆனால் டிவியில் "வளரும் குழந்தைக்கான பால்" விளம்பரம் தினமும் வருகிறது. ஆன்லைனில் டின்னுக்குத் தள்ளுபடியும் போடுகிறார்கள். சட்டம் எங்கே இருக்கிறது?

சட்டம் இருக்கிறது தம்பி, அதன் எல்லை இரண்டு வயதோடு முடிகிறது. இரண்டு வயது வரைக்குமான பால் பவுடர், குழந்தை உணவு, பால் பாட்டில் மூன்றுக்கும் விளம்பரம் கூடாது. இலவச சாம்பிள் கூடாது, பரிசு கூடாது, விற்பனையைக் கூட்டத் தள்ளுபடி கூடாது. டின் மேல் தாய் படமோ குழந்தை படமோ போடக் கூடாது. விளம்பரம், சாம்பிள், பரிசு, தள்ளுபடித் தடையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, இல்லையென்றால் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிக்கு 5,000 ரூபாய் என்ன செய்யும் என்று எனக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

இனி டின்னைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டிருக்கும். முதலாவது பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை, நான்காவது ஒன்றரை வயதுக்கு மேல். அதையும் தாண்டி இரண்டு வயதுக்கு மேல் ஒரு டப்பா வரும். அதே நிறம், அதே எழுத்து, கிட்டத்தட்ட அதே பெயர். இந்தக் கடைசி டப்பாவை விளம்பரம் செய்தால் முதல் டின்னும் சேர்ந்தே மனதில் பதிந்துவிடும். அதற்காகத்தான் அப்படி வடிவமைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-இல், மூன்று வயது வரைக்குமான பால்களையும் தாய்ப்பாலுக்கு மாற்றாகவே கருத வேண்டும் என்று சொன்னது இதனால்தான். ஆறு மாதத்துக்குப் பிந்தைய தனிப் பால் பவுடர் தேவையே இல்லை என்று 2013-லேயே சொல்லிவிட்டது. ஒரு வயதைத் தாண்டிய, நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு வீட்டில் காய்ச்சும் பசும்பால் போதும்.

இந்தச் சண்டை நேற்று தொடங்கியதும் இல்லை. நல்ல தண்ணீர் கிடைக்காத ஏழை நாடுகளில் பால் பவுடரைத் தள்ளிவிட்டதற்காக, 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் கிளம்பியது. 1981-இல் உலக சுகாதார சபை இந்த விற்பனைக்கு விதிமுறை கொண்டுவந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா.

பெயர் வேண்டாம் என்ற ஒரு அம்மா: எனக்கு மார்பில் அறுவை சிகிச்சை ஆனது. பவுடர் பால்தான் கொடுக்கிறேன். கம்பெனியைத் திட்டுகிறேன் என்று எல்லோரும் கடைசியில் எங்களைத்தான் குத்துகிறார்கள். விலை கூடிய டின்தான் நல்லதா?

உங்களைக் குத்துகிறவர்கள் அறியாமல் பேசுகிறார்கள். உங்கள் குழந்தைக்கு அந்த டின் உணவு. அதை நிம்மதியாகக் கொடுங்கள்.

விலை கூடியதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் ஆறு மாதத்துக்கான பவுடரில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று அரசு விதித்திருக்கிறது, எல்லாக் கம்பெனியும் அதற்குள்தான் தயாரிக்க வேண்டும். "மூளை வளர்ச்சிக்கு" என்று டிஎச்ஏ என்ற கொழுப்புச் சத்தைப் பெரிதாகப் பேசுவார்கள்; நிறை மாதத்தில் பிறந்த குழந்தையை அது கூடுதல் புத்திசாலி ஆக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. மருத்துவர் குறிப்பாக வேறு சொல்லாதவரை, எளிதில் கிடைக்கும் விலை குறைந்த டின்னையே வாங்குங்கள்.

கலக்கும் விதத்தில் மட்டும் கவனம். பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்டது இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைப் போட்டுக் கலக்கி, அப்புறம் ஆறவைத்துக் கொடுங்கள். டின்னில் உள்ள கரண்டியைத் தலை தட்டி அளந்து போடுங்கள். டின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள். குழந்தை மெலிந்துபோவதற்கு அது ஒன்று போதும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பாட்டி: எங்கள் காலத்தில் பருப்புச் சோறுதான். மருமகள் டப்பாவில் வரும் சீரியல் மாவுதான் கொடுப்பேன் என்கிறாள். அதில் சர்க்கரை இருக்கிறதாமே?

இருக்கிறது அம்மா, எல்லாவற்றிலும் இல்லை. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு நெஸ்லேயின் செரிலாக்கைப் பரிசோதித்து வெளியிட்டது. இந்தியாவில் விற்கும் வகைகளில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்த்திருந்தார்கள். அதே கம்பெனி ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்பதில் சேர்க்கவில்லை. இங்கே விதி அனுமதிக்கிறது, அதற்குள்தான் இருக்கிறோம், ஐந்து ஆண்டில் 30 சதவீதம் வரை குறைத்திருக்கிறோம் என்பது கம்பெனி சொன்ன பதில். அந்த வருடமே சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தார்கள். வெளியில் தெரிந்த பிறகு செய்ய முடிந்ததை முன்பே செய்திருக்கலாமே என்றுதான் நான் கேட்பேன். நம் குழந்தைகளுக்கு ஒரு அளவு, அவர்கள் குழந்தைகளுக்கு ஒரு அளவா?

மருமகளிடம் சண்டை வேண்டாம். டப்பாவைத் திருப்பி, சேர்பொருள் பட்டியலைச் சேர்ந்து படியுங்கள். எது அதிக எடையோ அது முதலில் வரும் என்பது விதி. சர்க்கரை, சுக்ரோஸ் என்று முன்வரிசையில் இருந்தால் வைத்துவிடலாம். பயணத்துக்கு ஒரு டப்பா இருந்தால் குடிமுழுகிப்போகாது. வீட்டில் இருக்கும்போது குழைய வேகவைத்த பருப்புச் சோறும் நெய்யும், மசித்த நேந்திரம்பழமும் இருக்கட்டும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் மூன்றும் வேண்டாம்.

கோவையிலிருந்து ஒரு அம்மா: அப்படியென்றால் இன்ஸ்டாகிராமில் விற்கும் வீட்டுச் சத்துமாவு நல்லதுதானே? அதுவும் ஒரு அம்மாதான் செய்கிறார்.

எல்லோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் பாக்கெட்டில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். "ஒரே மாதத்தில் எடை கூடும்" என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். முந்திரி, பாதாம் சேர்ந்த பதினைந்து இருபது பொருள் கலவையை ஆறு மாதக் குழந்தைக்கு முதல் உணவாகக் கொடுத்தால், ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்றே தெரியாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் துணை உணவு என்று சொல்லி விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் பெரிய கம்பெனிக்கு மட்டுமானது இல்லை, இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஊர் குறிப்பிடாத ஒரு சகோதரி: ஐந்தாவது மாதத்தில் எங்கள் குழந்தை தங்கவில்லை. ஆனால் கர்ப்பகால ஆப் இன்னும் "உங்கள் செல்லம் இப்போது மாங்காய் அளவு" என்று அனுப்புகிறது. போன வாரம் டயப்பர் கூப்பன் வந்தது. யாரிடம் சொல்லி இதை நிறுத்துவது?

இதைப் படித்தபோது வயிறு கலங்கிவிட்டது. உங்களுக்கு இப்படி ஒன்று நடந்த பிறகும் அந்தச் செய்திகள் வருவது கொடுமை.

இதை நீங்கள் செய்ய வேண்டாம். கணவரிடமோ தங்கையிடமோ போனைக் கொடுத்துவிடுங்கள். பல ஆப்களில் அமைப்புப் பகுதிக்குள் "கர்ப்பம் முடிந்தது" அல்லது "இழப்பு" என்று பதிவு செய்ய வழி உண்டு. அதைச் செய்த பின் கணக்கையே அழிக்கச் சொல்லுங்கள். ஆப்பைப் போனிலிருந்து எடுத்தால் மட்டும் மின்னஞ்சல் நிற்காது. வணிக அழைப்பும் குறுஞ்செய்தியும் நிற்க, 'ஸ்டார்ட்', இடைவெளி, பூஜ்யம் என்று ஆங்கிலத்தில் 1909-க்கு அனுப்பச் சொல்லுங்கள். பிரசவத் தேதியைக் கொடுக்கும்போது அது இன்னொரு கம்பெனியின் கைக்குப் போகும் என்று யாரும் உங்களிடம் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: ஸ்கேன் மையத்திலோ கடையிலோ பரிசுக் கூப்பனுக்காகப் பிரசவத் தேதியையும் போன் எண்ணையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

மதுரையிலிருந்து ஒரு கர்ப்பிணி: ஏழாம் மாதம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி ஒருவர் விடாமல் அழைக்கிறார். "நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் வருத்தப்படுவீர்கள்" என்கிறார். கடன் வாங்கியாவது கட்டலாமா?

கட்டாதீர்கள். குழந்தையின் எதிர்காலத் தேவைக்கென்று அதன் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லியிருக்கிறது. காரணம் எளிது. தலசீமியா போன்ற மரபணு நோய் வந்தால், அந்தக் கோளாறு சேமித்த ரத்தத்திலும் இருக்கும். ரத்தப் புற்றுநோய்க்கும் சொந்த ரத்தத்தைப் பொதுவாக எடுக்க மாட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு ஸ்டெம்செல் (தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ள, புது ரத்த அணுக்களை உருவாக்கும் செல்) சிகிச்சை தேவைப்படுகிறது என்றால் விஷயம் வேறு, அதை ரத்தநோய் மருத்துவர் சொல்வார். கர்ப்பிணியிடம் "வருத்தப்படுவீர்கள்" என்று சொல்லி வியாபாரம் செய்கிறவரின் எண்ணை முடக்கிவிடுங்கள்.

பலர் கேட்ட சின்னக் கேள்விகள்

வாக்கர் வேண்டாம். சீக்கிரம் நடக்க அது உதவாது, படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்துதான் அதிகம். கனடா 2004-இலேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது.

பவுடர் பூச வேண்டிய தேவை இல்லை. அந்தத் தூள் குழந்தையின் மூச்சில் போகும். ஜான்சன் அண்ட் ஜான்சன் டால்க் பேபி பவுடர் விற்பதை 2023-இல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டது.

கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தில் வந்தது. பல காலம் அதில் ஆல்கஹால் இருந்தது; இப்போது இல்லை. ஆனாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். மாலை நேர அழுகை பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாகவே நின்றுவிடும்.

"தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது" என்றால் சோதித்தார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். எத்தனை பேரிடம், என்ன முடிவு வந்தது என்று அதில் எதுவும் இல்லை.

சேலத்திலிருந்து ஒரு அம்மா: இதையெல்லாம் பார்த்தால் எங்கே புகார் செய்வது? செய்தால் நடவடிக்கை எடுப்பார்களா?

முதலில் ஸ்கிரீன்ஷாட், தேதி, இணைப்பு மூன்றையும் சேமியுங்கள். விளம்பரத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்கள். பொய்யான விளம்பரம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தவறான விளம்பரத்துக்கு, அதில் நடித்தவர், ரீல்ஸ் போட்டவர் உட்பட, 10 லட்சம் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. காசு வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். பாக்கெட்டிலோ உணவிலோ கோளாறு என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம். பால் பவுடர், பாட்டில், குழந்தை உணவு விளம்பரம் என்றால் டெல்லியில் உள்ள பிபிஎன்ஐ (BPNI) என்ற தாய்ப்பால் ஊக்குவிப்பு அமைப்புக்கு எழுதுங்கள். முன்பு சொன்ன 1992 சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க அரசு அதிகாரம் கொடுத்த அமைப்பு அது.

எல்லாப் புகாருக்கும் உடனே பதில் வராது. நீங்கள் ஒருவராக எழுதுவதோடு, உங்கள் வார்டில் உடன் பிரசவித்த நாலு பேரையும் எழுதச் சொல்லுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்புங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.