அக்கானி டம்ளரும் நாலரை வயசு வழக்கும்

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு நாலரை வயசு. அக்கானி (பதநீர்) வாங்கினா ரெண்டு பிள்ளைகளுக்கும் சமமாதான் ஊத்துவேன். மூத்தவளுக்கு ஒடுங்கின உயர கிளாஸ், இவனுக்கு அகல டம்ளர். "அவளுக்குதான் கூட"ன்னு ஒரே அழுகை, முன்னாடியே மாத்தி ஊத்திக் காட்டினாலும் ஒத்துக்க மாட்டேங்கான். பிளே ஸ்கூல் மிஸ்ஸும் இத செஞ்சு பாத்துட்டு "கொஞ்சம் ஸ்லோ"ன்னுட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா வல்லாரை குடுக்கச் சொல்லுதாங்க, அவங்க மகன் அதுலதான் ஃபர்ஸ்ட் ரேங்க் வந்தானாம். என்ன செய்ய?
- ஒரு அம்மா, குலசேகரம்

பதில்: மக்ளே, டம்ளர வச்சு ஒரு பிள்ளைய ஸ்லோன்னு சொல்ல முடியாது. இதே சோதனையத்தான் சுவிட்சர்லாந்துல ஜான் பியாஜே எத்தனையோ பிள்ளைகள்கிட்ட செஞ்சு பாத்தாரு, நாலு அஞ்சு வயசுல முக்காவாசிப் பேரும் உன் மகன் சொன்னதத்தான் சொல்லுவாங்க. அந்த வயசுல கண்ணு உயரத்துலயே நிக்கும், அகலத்தையும் சேத்து யோசிக்கிறது ஏழு வயசு வாக்குல தானா வந்துரும்.

கண்ணு நம்மளயும்தான் ஏமாத்துது. சித்ரா பௌர்ணமிக்கு கன்னியாகுமரி கடற்கரையில ஒரு பக்கம் சூரியன் தாழ, மறுபக்கம் நிலா எழும்பும்போது "எம்மா, எவ்ளோ பெருசு"ன்னு எல்லாரும் வாய பொளந்துட்டு நிப்போம்லா, அப்போ கைய நீட்டி சுண்டுவிரல் நகத்தால நிலாவ மறச்சுப் பாரு, ராத்திரி பத்து மணிக்கு நல்லா மேல ஏறினப்புறமும் பாரு, அதே நகம் அதே மாதிரிதான் மறைக்கும். நிலா பெருசாகல, மூளை பெருசாக்கிக் காட்டுது, தெரிஞ்சப்புறமும் அது பெருசாத்தான் தெரியும். நமக்கு நகத்த வச்சு அளந்து பாக்கத் தெரியும், அவனுக்கு இன்னும் தெரியாது, அவ்ளோதான்.

ஆனா எனக்கு மிஸ் கேட்ட விதத்து மேலதான் சந்தேகம். இந்த சோதனையில முதல்ல "ரெண்டும் சமமா?"ன்னு கேப்பாங்க, பிள்ளை ஆமான்னு சொல்லும், அப்புறம் மாத்தி ஊத்திட்டு திரும்பவும் அதே கேள்வி. பரீட்சை ஹால்ல சார் பக்கத்துல வந்து "நல்லா யோசிச்சியா?"ன்னு கேட்டா சரியா எழுதினதக் கூட நாம அடிச்சிர மாட்டோமா? பெரியவங்க ரெண்டாவது தடவ கேட்டா முதல்ல சொன்னது தப்புபோலன்னுதான் பிள்ளை நினைக்கும். 1970-கள்ல ஸ்காட்லாந்துல ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இதத்தான் புடிச்சாங்க. ரெண்டு வரிசையா வில்லைகள வச்சுட்டு, ஒரு வரிசைய ஆராய்ச்சியாளர் கலைக்காம, சேட்டைக்கார கரடி பொம்மை ஓடிவந்து கலைச்ச மாதிரி பண்ணினாங்க. வில்லையும் அதேதான் கேள்வியும் அதேதான், ஆனா சரியா சொன்ன பிள்ளைங்க எண்ணிக்கை ரொம்பவே கூடிப்போச்சு. ஏன்னா பொம்மை கலைச்சா கேள்விய திரும்ப கேக்க ஒரு காரணம் இருக்கு, பெரியவங்களே கலைச்சுட்டு கேட்டா அது உள்குத்து.

நீயும் வீட்டுல கொல்லாங்கொட்டைய (முந்திரிக்கொட்டைய) ரெண்டு வரிசையா சமமா அடுக்கு, ஒண்ண மூத்தவள விட்டு பொம்மையால கலைக்கச் சொல்லு, அப்புறம் கேளு. அவன் சரியா சொன்னா ஜீனியஸ்னும் துள்ளாத, தப்பா சொன்னா பதறவும் வேண்டாம், ஒரு பிள்ளை ஒரு நாள் ஒரு தடவ சொன்னத வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. நாலஞ்சு நாள் விட்டு விட்டு செய்யி, பசியில தூக்கத்துல இருக்கும்போது வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்காவோட வல்லாரை கதையும் இதே கேஸ்தான். அந்தப் பையனுக்கு அதே வருஷம் வயசும் ஒண்ணு கூடிருக்கும், டியூஷனும் போயிருக்கலாம், அம்மாவும் கூடவே உக்காந்து படிக்க வச்சிருப்பா, இதுல எது ரேங்க் வாங்கிக் குடுத்துச்சுன்னு எப்படி பிரிக்க? வல்லாரை தின்னும் ரேங்க் வராத பிள்ளைங்க கதைய யாரும் மதில் மேல சாஞ்சு நின்னு சொல்றதில்ல. துவையல் அரைச்சு ஆசையா சாப்பிடுங்க, அதோட விடு.

நான் கேப்பது வேற. பேரு சொல்லி கூப்பிட்டா திரும்பிப் பாக்குறானா, வாக்கியமா பேசுறானா, மத்த பிள்ளைகளோட சேந்து விளையாடுறானா? இதுல எதுலயாவது இடிச்சா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல பிள்ளைகள் டாக்டர்கிட்ட ஒருக்க காட்டிரு, காதும் கண்ணும் சேத்து பாக்கச் சொல்லு.

அக்கானி வழக்குக்கு இப்போதைக்கு, வடசேரி சந்தைக்குப் போகும்போது ஒரே மாதிரி ரெண்டு டம்ளர் வாங்கிரு. அதுக்கும் அழுதான்னா அவனே ஊத்தட்டும், எது வேணும்னு மூத்தவ முதல்ல எடுக்கட்டும். ஒரு சொட்டு கூட கூடாம ஊத்துவான் பாரு.