ஜப்பானியர்கள் சிரிக்கவே மாட்டார்கள் என்கிறார்களே, அவர்களுடைய டிவியில் நகைச்சுவை உண்டா?

அப்படி யார் சொன்னது? போகோ சேனலில் ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனை பாதி புரியாமலே, ஆட்கள் சேற்றில் விழுவதைப் பார்த்து நாம் சிரித்தோமே, அந்த 'தகேஷிஸ் காசில்' அவர்களுடையதுதான். 1986-ல் தொடங்கியது. கோட்டைத் தலைவராக வரும் தகேஷி கிட்டானோ மன்சாய் மேடையிலிருந்து வந்தவர். மன்சாயில் மைக் முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் ஏடாகூடமாக உளற, இன்னொருவர் அவர் தலையில் ஒன்று போட்டுத் திருத்துவார். ஒசாகாவில் 1912-ல் பிறந்த யோஷிமோட்டோ நிறுவனம் இதைப் பெரிய தொழிலாகவே ஆக்கிவிட்டது.

டிவி ஒளிபரப்பு வந்தது 1953-ல். 1966-ல் ஆரம்பித்த 'ஷோட்டென்' இன்னும் ஞாயிறு மாலை ஓடுகிறது: கிமோனோ போட்ட கதைசொல்லிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நல்ல பதிலுக்கு உட்கார இன்னொரு மெத்தை கிடைக்கும், மொக்கை போட்டால் இருப்பதையும் உருவிவிடுவார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் உச்சம் 'டிரிஃப்டர்ஸ்' என்ற நகைச்சுவைக் குழுவின் நிகழ்ச்சிதான். 1969 முதல் 1985 வரை சனிக்கிழமை இரவு 8 மணிக்கு, அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், நேரலை. 1973-ல் ஒருமுறை 50.5 சதவீத ரேட்டிங் வாங்கியது! தலையில் தகரத் தொட்டி 'டங்' என்று விழும், வீடு செட்டே இடிந்து சரியும், குழுவில் ஒருவரான கென் ஷிமுராவுக்குப் பின்னால் பேய் வந்து நின்றால் அரங்கில் இருக்கும் பிள்ளைகள் "ஷிமுரா, பின்னாடி!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். பெற்றோர் சங்கங்களோ இது ஆபாசம், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று விடாமல் புகார் செய்தன. 1984-ல் நேரலை தொடங்கும் நேரத்தில் அரங்கில் கரண்ட் போக, டார்ச் வெளிச்சத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். பார்ப்பதற்கு ஒரே களேபரம், ஆனால் தொட்டி எந்த நொடியில் விழ வேண்டும் என்பது வரை ஒத்திகை பார்த்தது. இறுக்கமானவர்கள் என்று நாம் சொல்லும் அதே ஒழுங்குதான் அங்கே சிரிப்பாக வேலை செய்தது.

1981-ல் போட்டிச் சேனல் அதே நேரத்தில் தகேஷியையும் சன்மா என்ற இன்னொரு நகைச்சுவையாளரையும் இறக்கியது. அவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசி, நிகழ்ச்சியின் இயக்குநர்களையே திரைக்கு இழுத்து வந்து கலாய்த்தார்கள். சில வருடங்களில் டிரிஃப்டர்ஸ் நிகழ்ச்சி மூட்டை கட்டியது. அப்புறம் ஷிமுராவும் அதே குழுவின் கட்டோவும் நடத்திய நிகழ்ச்சியில் வந்த வீட்டு வீடியோ பகுதியைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் 'ஃபன்னியஸ்ட் ஹோம் வீடியோஸ்' பிறந்தது.

இப்போது பெரிய விஷயம் 2001-ல் தொடங்கிய எம்-1 மன்சாய் போட்டி. இறுதிச் சுற்றில் ஒரு ஜோடிக்கு நான்கே நிமிடம், ஜெயித்தால் 1 கோடி யென். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் அதில் கை வைக்காதீர்கள், அந்த வேகத்துக்குச் சப்டைட்டில் ஈடு கொடுக்காது. டிரிஃப்டர்ஸிலிருந்து ஆரம்பியுங்கள், தொட்டி விழுவதற்கு மொழி வேண்டியதில்லை.