கேளுங்கள் சொல்கிறோம்: ஜேர்மன் வினைச்சொல்லும் ஆங்கில 'ஐ'யும்

கே: ஜேர்மன் மொழியில் சிறுமிக்கு ஆண்பால், பெண்பால் என்ற பால் இல்லையாம், கிழங்குக்கு உண்டாம். வகுப்பில் எல்லாரும் சிரிக்கிறார்கள். இதை எப்படிப் பாடமாக்குவது?
– வாசகி, ஹட்டன்

ப: அது அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் எழுதிய கேலி. ஜேர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் முன்னும் அதன் பாலைக் காட்டும் சிறுசொல் வரும்: ஆண்பாலுக்கு 'டேர்', பெண்பாலுக்கு 'டீ', இரண்டுமல்லாததற்கு 'டஸ்'. 'மேட்ஷென்' (சிறுமி) என்ற சொல்லுக்கு 'டஸ்' வருவது கடைசியில் நிற்கும் 'ஷென்' விகுதியால்தான். சின்னது என்று காட்டும் அந்த விகுதி எதில் ஒட்டினாலும் 'டஸ்'தான். 'குழந்தை அழுகிறது' என்று சொல்கிற நமக்கு இது புதிதா என்ன? பொருளை விட்டுவிட்டு விகுதியைப் பாருங்கள். 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' விகுதிகளுக்கு எப்போதும் 'டீ'. கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல் சொல்வதே சட்டம்: தேநீர் 'டேர் டே', தொழிற்சாலை 'டீ ஃபப்ரிக்', தேயிலைத் தொழிற்சாலை 'டீ டேஃபப்ரிக்'. விகுதி துப்புக் கொடுக்காத சொற்களை 'டேர், டீ, டஸ்' சேர்த்தே மனனம் செய்யுங்கள். பிறகு ஒட்டவைப்பது பெரும்பாடு.

கே: ஜேர்மன்காரர் பேசினால் வினைச்சொல் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டுமாமே?
– வாசகர், பண்டாரவளை

ப: ஆங்கிலேயருக்குத்தான் அந்தக் கஷ்டம். நாம் தினமும் அப்படித்தானே பேசுகிறோம்! 'வைல்' (ஏனென்றால்), 'டஸ்' (என்று; மேலே சொன்ன 'டஸ்' அல்ல, இது வேறு சொல்) போன்றவற்றில் தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வரும்: 'வைல் இஹ் க்ராங்க் பின்'. 'எனக்குச் சுகமில்லாததால்' என்று பொருள், 'பின்'தான் வினை.

நம் பிள்ளைகள் தடுமாறுவது முதன்மை வாக்கியத்தில். அங்கே வினைக்கு இரண்டாம் இடம். 'நாளை' என்று தொடங்கினால் உடனே வினை, அதன் பிறகுதான் 'நான்': 'மோர்கன் ஃபாரெ இஹ் நாஹ் கண்டி' (நாளை நான் கண்டிக்குப் போகிறேன்). தமிழ்ப் பழக்கம் 'ஃபாரெ'யைக் கடைசிக்குத் தள்ளும். பள்ளிக்கூட ஆங்கிலம் 'மோர்கன் இஹ் ஃபாரெ' என்று சொல்லவைக்கும். இரண்டும் பிழை. இரண்டாம் இடம் வேறு, இரண்டாம் சொல் வேறு என்பதையும் கவனியுங்கள். 'நாளைக் காலை எட்டு மணிக்கு' முழுவதும் ஒரே இடம்தான். எழுதும்போது முதல் பகுதிக்குப் பின்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டு, வினையை அங்கே வையுங்கள்.

கே: ஆங்கிலேயர் 'நான்' ('ஐ') என்பதையும் ஜேர்மானியர் 'நீங்கள்' என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுகிறார்களே, குணம்தான் காரணமா?
– வாசகி, நுவரெலியா

ப: குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜேர்மனில் 'ஸீ' பெரிய எழுத்தில் தொடங்கினால் 'நீங்கள்', சிறிய எழுத்தில் தொடங்கினால் 'அவள்' அல்லது 'அவர்கள்'. 'வோ வோனென் ஸீ?' என்று கடிதத்தில் கேட்கும்போது அந்த ஓரெழுத்து தவறினால், 'நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்' என்பது 'அவர்கள் எங்கே வசிக்கிறார்கள்' என்று மாறிவிடும். பரீட்சையில் கடிதம் எழுதி முடித்ததும் 'ஸீ'க்களை மட்டும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.